இருபத்தொன்பதோடு நின்ற மாதம்

ராயபுரம் பனைமரத்தொட்டிக்குப் பின்னால் இருந்த சந்தில் சிலுவைமுத்துவை எல்லோரும் விஞ்ச்காரர் என்றுதான் சொல்வார்கள். நவம்பர் மாதத்தில் மட்டும் படிப்புக்காரர் என்பார்கள். கப்பலின் மேல்தளத்தில் நின்று விஞ்ச் இயந்திரத்தை ஓட்டி, கீழறையிலிருந்து சரக்கு மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குவது அவர் தொழில். மற்ற மாதங்களில் அவர் எதையும் படித்ததில்லை. செய்தித்தாளைக்கூட டீக்கடையில் அடுத்தவர் படிக்கக் கேட்பதோடு சரி. நவம்பர் பிறந்தால் தகரப்பெட்டியிலிருந்து ஒரே ஒரு புத்தகம் வெளியே வரும்.

இறந்தவர்களின் ஆத்துமாக்களுக்காக வீட்டில் வாசிக்கிற வணக்கப் புத்தகம் அது. நாளுக்கு ஒன்றாக முப்பது பகுதிகள். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு தியானம், பிறகு ஒரு புதுமை, அதாவது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை, கடைசியில் செபம். யாருக்காகப் படிக்கிறோமோ அவர் பெயரைத் தொடங்கும்போது சொல்லவேண்டும். மோட்சம் போகுமுன் பாவம் தீரும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தின் நெருப்பில் ஆத்துமாக்கள் தாகத்தில் கிடக்கின்றன என்பதால், படிப்பு முடியும்வரை புத்தகத்தின் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். முடிந்ததும் அதை வாசற்படியில் ஊற்றிவிடுவார்கள். ஒரு நாள் விட்டுப்போனாலும் மாதம் நிறையாது. நிறையாத மாதம் ஆத்துமாவைப் பாதிவழியில் விட்டுவிடும் என்பது அந்தச் சந்தின் நம்பிக்கை. படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. அதனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டு இறந்தவர்களின் பெயர்களை அவரிடம் சொல்லிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து உட்காருவார்கள்.

சிலுவைமுத்து பள்ளிக்கூடத்துக்குப் போனவர் இல்லை. அவருடைய அப்பா நவம்பர் தோறும் படித்ததைக் கேட்டுக் கேட்டு முப்பது நாளும் மனப்பாடமாகிவிட்டது. அப்பா இறந்த வருஷம் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வாயில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தாளில் இருந்த எழுத்தின்மேல் பொருத்திப் பார்த்தார். பொருந்தாத இடத்தில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து வருவார். இரண்டு மழைக்காலம் போயிற்று. அப்படித்தான் எழுத்து வந்தது. அதனால் வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்கு அது படிப்பு.

வாயை மூடிக்கொண்டு படிக்க அவர் கற்றுக்கொண்டது அறுபத்தெட்டாம் வருஷத்து நவம்பரில். பிற்பாடு அந்த மாதத்தை நினைக்கும்போதெல்லாம் பக்கங்கள் வரிசையாக அவர் கண்முன் வரும். எந்தப் பக்கத்தை எங்கே குந்திப் படித்தோம், அப்போது மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது, கடல் என்ன நிறத்தில் இருந்தது என்பதுவரை வரும். வேண்டாமென்றாலும் வரும்.

அக்டோபர் கடைசியில் காற்று கிளம்பியபோது அவருடைய தம்பி லூயிஸ் கடலில் இருந்தான். விசைப்படகுகள் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. சந்துப் பையன்கள் கட்டுமரத்தை விட்டுவிட்டு லாஞ்சுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அந்த லாஞ்சில் நாலு பேர். காற்று ஓய்ந்த மறுநாள் எண்ணூர் முகத்துவாரத்தில் இரண்டு உடல்கள் ஒதுங்கின. மற்ற இருவரும், லூயிசும் அவனுடைய கூட்டாளி மாரியப்பனும், எங்கே என்று தெரியவில்லை.

சிலுவைமுத்துவின் மனைவி ரெஜினா பிரசவத்தில் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும், அம்மா சிலுவையம்மாளும், லூயிசும், லூயிசின் மனைவி ஞானமும்தான். இப்போது மூன்று பேர்.

நவம்பர் முதல் தேதி மாலை விளக்கேற்றி, தண்ணீர் வைத்து, சந்துப் பெண்கள் வந்து உட்கார்ந்த பிறகு, அம்மா ஆரம்பித்தாள்.

"உங்கப்பன் பேரச் சொல்லு. ரெஜினா பேரச் சொல்லு. அப்பால லூயிசு பேரச் சொல்லு."

"அத்தே!" ஞானம் சுவரோரத்திலிருந்து எழுந்துவிட்டாள். "அவரு பேரு இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? ரெண்டு பொணம் கரைக்கு வந்துடுச்சிடி. மிச்ச ரெண்டு எங்க கீதுன்னு மீனத்தான் கேக்கணும்."

"நீ பாத்தியா?"

"நான் பெத்தவ. எனக்குத் தெரியும்."

"பெத்தவளா இருந்தா வருவான்னு சொல்லு. செத்தவங்க வரிசையில இட்டாந்து குந்த வெக்காத."

"உசுரோட இருந்தா படிச்சதால இன்னாடி கெட்டுப்பூடும்? செத்திருந்தா? நாக்கு வறண்டு நெருப்புல கெடக்கறானே எம் புள்ள, அவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த இந்த வூட்ல ஆளில்லியா?"

"உசுரோட கீறவனுக்கு இந்தப் படிப்பு படிச்சா அது அவன இஸ்துக்கினு பூடும். எங்க வூட்லயும் இந்தப் பொஸ்தகம் கீது. எனக்கும் தெரியும்." ஞானம் சிலுவைமுத்துவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. "மாமா, அவரு பேரு உங்க வாயால வந்துச்சின்னா நான் இந்த வூட்ல இருக்கமாட்டேன்."

வந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலுவைமுத்து அப்பா பெயரைச் சொன்னார், ரெஜினா பெயரைச் சொன்னார், சந்துக்காரர்களின் பெயர்களைச் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டு முதல் நாள் பகுதியைப் படித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது.

பெண்கள் போன பிறகு ஞானம் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுக்குள்ள படி முத்து. அவ காதுல உழவேணாம். ஒண்ணாம் நாளு தப்பிப்போச்சின்னா மாசமே போச்சி. நாளைக்கே பொணம் கெடச்சி நீ ரெண்டாம் நாள்லேந்து படிச்சா நெறையுமா? சொல்லு."

"கோயில் சாமியாரக் கேட்டியா?"

"கேட்டேன். செபம் எங்கியும் வீணாப்போவாது, யாருக்குச் சேரணுமோ சேரும்னாரு."

சிலுவைமுத்துவைப் பிடித்தது சாமியார் சொன்னது அல்ல, அம்மா முதலில் சொன்னதுதான். எதையும் முறையாகத் தொடங்கி முறையாக முடிக்கிறவர் அவர். ஒன்றாம் நாள் இல்லாத மாதம் என்று ஒன்று அவர் கணக்கில் கிடையாது. தம்பி இறந்துவிட்டான் என்று அவர் நம்பினாரா என்றால், இல்லை. இறந்திருந்தால் முதல் நாள் கைவிட்டுப் போகுமே என்றுதான் பயந்தார்.

சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறச் சுவருக்குப் போனார். ஒரு டம்ளர் தண்ணீரை வேறாக வைத்தார். இருட்டிவிட்டிருந்தது. லூயிஸ் ஆத்துமாவுக்காக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, உதடுகளைப் பல்லுக்குள் மடித்துக்கொண்டு படித்தார். கஷ்டமாக இருந்தது. குரல் இல்லாமல் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பாதியில் மூச்சு முட்டி நிறுத்தவேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு வரியையும் விடவில்லை. முடித்துவிட்டுத் தண்ணீரைச் சுவரடியில் ஊற்றினார். மண் அதை ஒரே வாயில் குடித்தது.

மறுநாள் கல்லறைத் திருநாள். காசிமேட்டுக் கல்லறைக்குப் போய் அப்பாவுக்கும் ரெஜினாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அம்மா ஒரு மெழுகுவத்தியை ஏற்றாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஞானம் அதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் மனதுக்குள் படிக்க இடமில்லை என்று ஆயிற்று. புத்தகத்தை ரப்பர் துணியில் சுற்றித் துறைமுகத்துக்கு எடுத்துப்போக ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கொட்டகைக்கு ஒதுங்க, அவர் மேல்தளத்தில் விஞ்சுக்குப் பின்னால் குந்திக்கொண்டு லூயிசுக்குரிய பகுதியைப் படிப்பார். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் ஒரு டம்ளர் தனியே வைத்து, முடிந்ததும் பக்கவாட்டில் கடலில் ஊற்றுவார். மாலையில் வீட்டுக்கு வந்து அதே பகுதியை அப்பாவுக்கும் ரெஜினாவுக்கும் வாய்விட்டுப் படிப்பார்.

கீழறையில் மூட்டை அடுக்கும் கோதண்டம் அவருக்குப் பழைய தோஸ்து. கோதண்டத்துக்கு எதுவும் கண்ணிலிருந்து தப்பாது.

"இன்னா மாமு, வாய்க்குள்ள இன்னா வச்சிகினு கீற? மெல்லவும் மாட்டேன்ற, முழுங்கவும் மாட்டேன்ற."

"படிச்சிகினு கீறேன், பாத்தா தெரியல?"

"படிக்கிறியா? நான் பல்லு வலின்னு நெனச்சேன். சத்தமாப் படியேன், எங்களுக்கும் புண்ணியம் சேரட்டும்."

"உனக்குப் படிச்சா புண்ணியத்துக்கே பேஜாரு. போய் சோத்தத் துன்னு."

கோதண்டம் சிரித்துக்கொண்டே போனான். ஆனால் போகும்போது அவர் தண்ணீரைக் கடலில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மழை விடவில்லை. கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரம் முழங்கால் தண்ணீர். வடக்கே ஆலைப் புகை மேலே போக முடியாமல் வீடுகளின் மேலேயே படுத்துக் கிடந்தது. ஞானம் விடிந்ததும் கரைக்குப் போவாள். திரும்பி வருகிற லாஞ்சு ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரிப்பாள். அங்கிருந்தே இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போவாள். சாயங்காலம் சோறு வடிக்கும்போது லூயிசுக்கும் சேர்த்து வடிப்பாள். மிஞ்சியதை மறுநாள் காலையில் தானே தின்பாள். மாலைப் படிப்புக்கு அவள் உட்காருவதை நிறுத்திவிட்டாள்.

பழவேற்காட்டுப் பக்கம் லாஞ்சின் பலகை ஒன்று கிடைத்தது. அதிலிருந்த பதிவு எண்ணைப் படித்துப் பார்த்து உறுதி செய்தார்கள். அம்மா பலகையைத் தடவி அழுதாள்.

"இன்னும் இன்னாடி சாட்சி வேணும் உனக்கு?"

"பலக மெதக்குதில்ல?" என்றாள் ஞானம். "மெதக்கறதப் புட்சிக்கினா ஆளும் மெதப்பான்."

சிலுவைமுத்து நடுவில் நின்றுகொண்டிருந்தார். அன்று மதியம் படித்திருந்த புதுமை அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தச்சன், இறந்துபோன கூட்டாளிக்காக நாளைக்குச் செபிக்கலாம், நாளைக்குச் செபிக்கலாம் என்று தள்ளிப்போடுகிறான். காலைதோறும் அவன் தொட்டதும் உளிகள் கையைச் சுடுகின்றன. எத்தனையோ வருஷம் வாய்விட்டுப் படித்த கதைதான். குரலில் போனபோது அது கதையாகப் போயிற்று. வாயை மூடிப் படித்தபோது வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

அடுத்த நாள் பழைய கப்பல் ஒன்று. நீராவி விஞ்ச். அதன் கைப்பிடி எப்போதுமே சுடும், அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மழையில் நனைந்த கையை அதில் வைத்ததும், சுட்டதும், சட்டென்று எடுத்துவிட்டார். தூக்கிக்கொண்டிருந்த உர மூட்டைகள் வலையோடு ஆள் உயரம் இறங்கி நின்றன. நேர் கீழே கோதண்டம்.

"யோவ் கஸ்மாலம்! மேல இன்னா தூங்கினு கீறியா?" கீழறையிலிருந்து கத்தியவன், ஏறி வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டான். "இன்னா ஆச்சி மாமு?"

"கை சுட்டுச்சி."

"இத்தினி வருஷமா சுடாதது இன்னிக்கா சுட்டுச்சி? அந்தப் பொஸ்தகத்த தூக்கித் தண்ணியில போடு. மெய்யாலுமே சொல்றேன். நீ அத்தப் படிக்கிறாப்ல இல்ல, அதுதான் உன்னப் படிச்சிகினு கீது."

அவர் தண்ணீரில் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து பக்கம் புரட்டும்போது விரலை முதலில் ஓரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புரட்டினார்.

மாதம் முக்கால் பங்கு போன பிறகு ஒரு காலையில், ரப்பர் துணியில் புத்தகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவரின் முன்னால் ஞானம் வந்து நின்றாள்.

"தெனமும் எடுத்துகினு போறீங்களே மாமா. கப்பல்ல யாருக்குப் படிக்கிறீங்க?"

"எனக்குத்தாம்மா."

"உசுரோட கீறவங்க தனக்குத்தானே படிச்சிக்கலாமா?"

"நான் போனப்புறம் எனக்குப் படிக்க ஆரு கீறாங்க? அதான் இப்பவே."

அவள் அவரையே பார்த்தாள். "உங்களுக்கு உங்க தம்பி வந்து படிப்பாரு," என்று சொல்லிவிட்டுக் கரைக்குக் கிளம்பினாள். சிலுவைமுத்துவுக்கு அன்றைய பகுதியை ஆரம்பிக்க வெகுநேரம் பிடித்தது. பெயரைச் சொல்லும் இடத்தில் மனம் நின்று நின்று வந்தது. நிறுத்திவிடலாமா என்றும் தோன்றியது. நிறுத்தினால் பாதிவழி. செத்திருந்தால் அவனைப் பாதிவழியில் விட்டவன் ஆவோம். படித்து முடித்துத் தண்ணீரை ஊற்றினார். மழைத்துளிகள் விழுந்துகொண்டிருந்த கடலில் அது எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் மாலை. துறைமுகத்தில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை என்று அன்றைய படிப்பு இரண்டும் முடிந்து, பெண்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். சந்து முனையில் யாரோ கத்தினார்கள். வாசலில் வந்து நின்றவனை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மூக்கிலும் தோளிலும் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சட்டை.

"நாந்தான் அண்ணாத்தே. மாரியப்பன்."

ஞானம் உள்ளேயிருந்து ஓடிவந்து, அவனுக்குப் பின்னால் சந்தைப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

அவனை ஒரு சரக்குக் கப்பல் எடுத்துக் கல்கத்தாவில் இறக்கியிருக்கிறது. பேச்சு வர ஒரு வாரமாயிற்று. பாஷை தெரியாத ஆஸ்பத்திரி. பிறகு போலீஸ், பிறகு ரயில். வாசற்படியில் உட்கார்ந்து, கஞ்சியைக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"லாஞ்சு கவுந்ததும் அதும் மேல குந்திகினு இருந்தோம். அப்பால அதுவும் முழுகிச்சி. ஐஸ் பொட்டி ஒண்ணு மெதந்துச்சி. ஆளுக்கொரு பக்கம் புட்சிக்கினோம். லூயிசுதான் தேதி கணக்கு வச்சினு இருந்தான். இன்னிக்கு ஒண்ணாந்தேதி, நாளைக்குக் கல்லறைத் திருநாளுன்னான். எங்கண்ணன் இந்நேரம் பொஸ்தகத்த எடுத்துகினு குந்தியிருப்பான்னான். எங்கம்மா என் பேரையும் சேத்துச் சொல்லுன்னு நச்சரிக்கும், எங்கண்ணன் சொல்லமாட்டான், அவனுக்கு ஞானத்தாண்ட பயம்னு சொல்லிச் சிரிச்சான். ஒதடு வெடிச்சி ரத்தம் வந்துச்சி, அப்பவும் சிரிச்சான்."

ஞானம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒரு கணம் சிரிப்புப் போல ஒன்று வந்து போயிற்று.

"பகல் பூரா தண்ணி தண்ணின்னுதான் பொலம்பல். கடல் தண்ணியக் குடிச்சிடக்கூடாதுன்னு ஒருத்தன் வாய ஒருத்தன் பொத்திகினோம். இருட்டிக் கொஞ்ச நேரந்தான் ஆயிருக்கும். திடீர்னு, மாரி, தாகம் பூட்ச்சிடான்னான். இன்னாடா சொல்றன்னேன். யாரோ தண்ணி ஊத்துனாப்ல நெஞ்சு வரைக்கும் குளுகுளுன்னு கீதுடான்னான். தெம்பா ஆயிட்டான். அப்பத்தான் தூரத்துல ஒரு கப்பல் வெளக்கு. நான் நீந்திப் போய் அத்த நிறுத்தறேன்னு கைய உட்டுட்டான். வேணாண்டா, உன்னால ஆவாதுடான்னேன். கேக்கல. தண்ணிய அடிக்கற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டுச்சி. அப்பால கேக்கல. அந்தக் கப்பல் நிக்காம பூட்ச்சி. என்னிய எடுத்தது மறுநாள் வந்த வேற கப்பலு."

முதலில் பேசியது அம்மாதான். இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டாள்.

"சேசுவே, மரியே! கேட்டியா முத்து? போய்ச் சேந்துடுச்சிடா! எம் புள்ள தாகம் தீந்துடுச்சிடா!"

"எது போய்ச் சேந்துச்சி?" என்றாள் ஞானம்.

அம்மாவுக்கு மறைக்கத் தோன்றவில்லை. அவளுக்கு அது சந்தோஷம். "மொத நாள்லேந்து முத்து அவனுக்கு மனசுக்குள்ள படிச்சிகினு கீறான்டி. உங்கிட்ட சொல்லல. தண்ணி வச்சிப் படிச்சான். அந்தத் தண்ணிடி அது!"

ஞானம் சிலுவைமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணாந்தேதியா மாமா?"

"ஆமாம்மா."

"இருட்டினப்புறமா?"

"ஆமா."

"தண்ணி வச்சியா?" கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரை நீ என்று சொன்னதில்லை.

"வச்சேன்."

மாரியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தப்பா எதனா சொல்லிட்டேனா அண்ணாத்தே என்று கேட்டுவிட்டு எழுந்து தன் வீட்டைப் பார்க்கப் போனான்.

"தாகத்தோட இருந்திருந்தா பொட்டிய உட்டிருக்கமாட்டாரு," என்றாள் ஞானம். அழவில்லை. கணக்குச் சரிபார்ப்பது போலச் சொன்னாள். "இன்னொரு நாள் புட்சிக்கினு இருந்திருந்தா மறுநாள் கப்பல்ல ரெண்டு பேரும் ஏறியிருப்பாங்க."

"அவன் விதிடி அது," என்றாள் அம்மா.

"விதி இல்ல. இவரு." பிறகு அவர் அருகில் வந்து, மெதுவாக, கெஞ்சுகிற குரலில் பேசினாள். "நீந்தற சத்தம் நின்னுபோச்சின்னுதான் சொன்னாரு, செத்தத யாரும் பாக்கல. மாரியப்பனும் ஒரு மாசம் கழிச்சித்தான வந்தாரு? எங்கியோ ஒரு கப்பல்ல, ஒரு ஆஸ்பத்திரில கீறாரு. நாளைக்கு முப்பது. படிக்காத மாமா. முடிச்சிடாத."

"முடிக்கலன்னா எம் புள்ள பாதிவழில நிப்பான்டி!" அம்மா அலறினாள். "முத்து, நீ முடிக்கணும். உங்கப்பன்மேல ஆண."

மறுநாள் சிலுவைமுத்து வேலைக்குப் போனார். மதியம் வழக்கமான இடத்தில் குந்தினார். புத்தகம் மடியில் இருந்தது, துணியைப் பிரிக்கவில்லை. மாதம் முழுவதும் படித்ததை மனதில் ஓட்டிப் பார்த்தார். சுட்ட உளிகள். கொதித்த கிணற்றுத் தண்ணீர். மூன்று தலைமுறை திறக்காத கதவு. எல்லாம் தாமதித்தவர்களின் கதைகள். நாளைக்கு என்றவன், மறந்தவன், பிறகு பார்க்கலாம் என்றவள். ஒவ்வொரு பக்கமும் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டியது. அவசரப்பட்டவன் கதை ஒன்றுகூட அதில் இல்லை. பத்தொன்பது வருஷமாக வாய்விட்டுப் படித்தும் அது அவருக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் புத்தகத்தில் எங்கே தேடுவது?

"இன்னிக்குப் படிக்கல?" என்றான் கோதண்டம்.

"இல்ல."

கோதண்டம் பக்கத்தில் உட்கார்ந்து தன் சோற்றைத் தின்றான்.

முப்பதாம் நாள் மாலை ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது வழக்கம். அம்மா பெரிய குண்டானில் காய்ச்சியிருந்தாள். சந்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மாரியப்பன் வந்த செய்தி பரவிவிட்டதால் வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். ஞானம் அன்று சுவரோரத்தில் இல்லை. முதல் வரிசையில், விளக்குக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

சிலுவைமுத்து முப்பதாம் நாள் பக்கத்தைத் திறந்தார். அப்பாவுக்கும் ரெஜினாவுக்கும் மட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படிக்கலாம். காலையிலிருந்து அப்படித்தான் எண்ணியிருந்தார். பக்கத்தைப் பார்த்ததும் அது முடியாது என்று தெரிந்துவிட்டது. இருபத்தொன்பது நாள் உள்ளே சொல்லிப் பழகிய பெயர், கூப்பிடாமலேயே முன்னால் வந்து நின்றது. வாய் யாருடைய பெயரைச் சொன்னாலும் மனம் அவனுடையதைத்தான் சொல்லும். படித்தால் அவனுக்கும் முடிந்துவிடும்.

"ஆரம்பிடா," என்றாள் அம்மா.

அவர் புத்தகத்தை மூடினார்.

"இந்த வருஷம் அவ்ளோதான். கஞ்சிய ஊத்து."

"உங்கப்பனுக்கு?"

"அடுத்த வருஷம்."

"எங்க வூட்டு ஆளுங்களுக்கு?" என்றாள் ஒருத்தி. "ஒரு மாசமா வந்து குந்திகினு கீறோமே விஞ்ச்காரரே?" படிப்புக்காரரே என்று அவள் சொல்லவில்லை.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கஞ்சியை யாரும் வாங்கவில்லை. அம்மா குண்டானுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவேயில்லை. சோறு வேண்டுமா என்பதைக்கூட ஞானத்திடம் சொல்லித்தான் கேட்பாள். ஞானம் புத்தகத்தை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அம்மா அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் இறந்தாள். கடைசி நாட்களில் பேச்சு தடுமாறியபோதும் முப்பது, முப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லூயிசைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. ஞானம் தாலியைக் கழற்றவில்லை. கரைக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

நவம்பர் பிறந்தது. சந்தில் யாரும் அவரிடம் பெயர் கொண்டுவரவில்லை. அவர்கள் கோயில்தெருவில் ஒரு வாத்தியாரைப் பிடித்துவிட்டிருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் சிலுவைமுத்து ஞானத்தின் முன்னால் போய் நின்றார்.

"பொஸ்தகம் வேணும்மா."

"யாருக்கு?"

"அம்மாவுக்கு. தாகத்தோட போயிருக்கும்."

ஞானம் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவளே ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தைக்குப் படி மாமா. வாயத் தொறந்து, எனக்குக் கேக்கறாப்ல படி," என்றாள். "இருபத்தொம்போதோட நிறுத்திக்கோ. முப்பதப் படிச்சா அவருக்கும் முடிஞ்சிடும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அம்மாவைப் பாதிவழியில் விடச் சொல்கிறாய் என்ற சொல் வாய்வரை வந்தது. அம்மா பெயரைச் சொல்லி ஒன்றாம் நாளை ஆரம்பித்தார். அந்த மாதம் முழுவதும், கேட்பதற்கு அவள் ஒருத்தி மட்டும் எதிரே உட்கார்ந்திருக்க, ஒரு வரியும் விடாமல் படித்தார். இருபத்தொன்பதாம் நாள் செபம் முடிந்ததும் ஞானம் கையை நீட்டினாள். அவர் புத்தகத்தை மூடிக் கொடுத்தார்.